சரிந்த ரெய்டு அணியும் அவசரத்தின் அபாயமும்

ஹார்ட் டிஸ்க் என்ற யந்திரம் என்றேனும் ஒருநாள் நின்றே தீரும் என்பதை அதைச் செய்கிறவர்களும் மறுப்பதில்லை, வாங்குகிறவர்களும் அறியாமலில்லை. ஆயினும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று அல்லது 7,200 சுற்று என்ற வேகத்தில் சுழலும் தகடுகளுக்கு மேலே, தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் படிக்கும் முனை மிதந்து செல்லும் இந்தச் சாதனத்தை நம்பித்தான் இன்று அலுவலகங்களின் கணக்குகளும், ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் பதிவேடுகளும், குடும்பங்களின் கல்யாணப் புகைப்படங்களும் இருக்கின்றன. ஒன்று நின்றால் மற்றவை காக்கட்டும் என்று பல வட்டுகளைச் சேர்த்து ஒரே வட்டைப்போல நடந்துகொள்ளச் செய்யும் யுக்திக்கு ரெய்டு என்று பெயர். அந்த யுக்தி பலிக்காமற்போகும் சந்தர்ப்பத்தைப் பற்றியது இந்த அத்தியாயம். அத்தகைய சந்தர்ப்பங்களில் தரவு பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை; அதை மீட்கப் புகுந்தவர் முதல் அரைமணி நேரத்தில் செய்யும் காரியங்களால்தான் அழிகிறது. இதை இங்கே விஸ்தாரமாகவே விளக்க உத்தேசித்திருக்கிறேன்.

பல சிறிய வட்டுகளைக் கூட்டி ஒரு பெரிய வட்டின் வேலையை வாங்கலாம் என்ற எண்ணம் ஒரே நாளில் உதித்ததன்று. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் கென் ஔச்சி என்பவர், பழுதான ஒரு நினைவகத்தில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணித்து மீட்கும் முறை ஒன்றுக்கு 1978-ஆம் வருஷத்திலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் இந்தத் துறைக்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தது, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்ஸன், கார்த் கிப்ஸன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் எழுதி 1988-இல் வெளியான கட்டுரைதான். பெரிய கம்ப்யூட்டர்களுக்கென்றே செய்யப்பட்ட விலையுயர்ந்த பெருவட்டுக்குப் பதிலாக, மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு விற்கப்பட்ட மலிவான வட்டுகள் பலவற்றை அணிவகுத்து வைத்தால் வேகமும் மிகும், செலவும் குறையும் என்று அவர்கள் வாதித்தார்கள். அப்படி நூறு வட்டு வைத்தால் அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாகும் காலம் தனி வட்டின் ஆயுளில் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்ற பாதகமான கணக்கையும் ஒளிக்காமல் எழுதி, அதற்குப் பரிகாரமாக ஐந்து வகை அமைப்புகளையும் விவரித்தார்கள். அவற்றுள் ஐந்தாவதைத்தான் இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

இந்த அணியை நடத்துவதற்கென்று தனிக் கட்டுப்பாட்டு அட்டைகள் விற்கப்படுகின்றன. லினக்ஸோ அத்தகைய அட்டை எதையும் வேண்டாமல், எம்.டி. என்ற தன் உட்பகுதியைக் கொண்டே அந்த வேலையை முடித்துவிடுகிறது. அந்தப் பகுதியை ஆண்டுகொள்வதற்கு எம்.டி.ஏ.டி.எம். என்ற கருவியை நீல் பிரவுன் 2001-இல் எழுதினார். அட்டை பழுதானால் அதே ஜாதி அட்டையைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸ் அணியிலோ வட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டினாலே போதும், அவை தம்மைத் தாமே இன்னாரென்று அறிவித்துக்கொள்ளும். மீட்கிறவருக்கு இது பெரிய அனுகூலம். எனக்கு அட்டைகளைவிட லினக்ஸ் முறையில் அதிகப் பிரீதி இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஐந்தாவது வகையின் சூட்சுமம் மிக எளிய கணிதம். நாலு வட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றில் தரவு, நாலாவதில் பாரிட்டி எனப்படும் காப்பெண். முதல் வட்டில் 1011 என்றும், இரண்டாவதில் 0110 என்றும், மூன்றாவதில் 1100 என்றும் பிட்டுகள் இருந்தால், ஒவ்வொரு ஸ்தானத்திலும் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று பார்த்து, ஒற்றைப்படையானால் 1 என்றும் இரட்டைப்படையானால் 0 என்றும் எழுதுவதே காப்பெண். இங்கே அது 0001 ஆகிறது. இரண்டாவது வட்டு செத்துப்போனால், மிஞ்சிய 1011, 1100, 0001 ஆகிய மூன்றையும் அதே விதிப்படி சேர்த்துப் பாருங்கள்: 0110 வந்து நிற்கும். கடைக்கணக்கில் மொத்தத் தொகை தெரிந்து ஒரு வரி மட்டும் எலி கடித்துப் போயிருந்தால், மற்ற வரிகளைக் கழித்து அந்த வரியைக் கண்டுபிடிக்கும் கணக்கப்பிள்ளை செய்வதும் இதுவேதான். இரண்டு வரிகள் போய்விட்டால் அவரும் கையை விரிக்க வேண்டியதே.

நடைமுறையில் காப்பெண்ணை ஒரே வட்டில் வைப்பதில்லை. எழுதும்போதெல்லாம் அந்த ஒரு வட்டையே தட்ட வேண்டியிருக்கும் ஆதலால், வரிசைதோறும் அதை ஒவ்வொரு வட்டுக்காக நகர்த்தி வைப்பார்கள். லினக்ஸ் தானாகத் தேர்ந்துகொள்ளும் ஒழுங்கில், முதல் வரிசையின் காப்பெண் கடைசி வட்டிலும், இரண்டாவது வரிசையினுடையது அதற்கு இடப்பக்கத்து வட்டிலும் என்று பின்வாங்கிக்கொண்டே போகும். தரவோ ஒவ்வொரு வரிசையிலும் காப்பெண்ணுக்கு அடுத்த வட்டிலிருந்து தொடங்கி வட்டமாகச் சுற்றி வரும். ஒவ்வொரு துண்டமும் பழைய அணிகளில் 64 கிலோபைட்டும், பிற்காலத்தவற்றில் 512 கிலோபைட்டும் நீளமுள்ளதாக இருப்பது சாமான்யம். வட்டுகள் நிற்கும் கிரமம், துண்டத்தின் நீளம், காப்பெண் நகரும் ஒழுங்கு, தரவு தொடங்கும் இடம் ஆகிய இந்த நாலு விவரங்களுள் ஒன்று பிசகினாலும், எல்லாப் பிட்டுகளும் பத்திரமாக இருந்தும் கிடைப்பது வெறும் குப்பையாகவே இருக்கும் என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அணி சரிந்துவிட்டது என்று ஒருவர் ஓடிவரும்போது, இரண்டு வட்டுகள் ஒரே ராத்திரியில் இறந்துவிட்டதாகத்தான் அவர் எண்ணியிருப்பார். அது அபூர்வம். பெரும்பாலும் ஒரு வட்டு பல மாதங்களுக்கு முன்பே விலகிப்போயிருக்கும். மிஞ்சிய மூன்றைக்கொண்டு அணி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபடியால் யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். இன்று விலகியது இரண்டாவது வட்டு. அதுவும் இறந்திருக்க வேண்டுமென்பதில்லை. பதில் சொல்லத் தாமதித்ததற்காக வெளியே தள்ளப்பட்டிருக்கலாம்.

இந்தத் தாமதத்தின் கதை சற்று விசித்திரமானது. தனியாக ஒரு கம்ப்யூட்டரில் வேலை செய்வதற்கென்று விற்கப்படும் மலிவான வட்டு, படிக்க முடியாத இடம் ஒன்றைக் கண்டால், அதில் இருப்பதை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற சிரத்தையுடன் திரும்பத் திரும்ப முயலும். சில வட்டுகள் இரண்டு நிமிஷம்வரைகூட அப்படி மௌனமாக முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸோ ஒரு வட்டின் பதிலுக்குச் சாதாரணமாக 30 விநாடிதான் காத்திருக்கும். பிறகு அந்த வட்டுடன் உள்ள தொடர்பை அறுத்துப் புதுப்பிக்கப் பார்க்கும். படிக்க முடியாத இடத்தின் உள்ளடக்கத்தை எம்.டி. மற்ற வட்டுகளிலிருந்து கணித்து, அதை அந்த இடத்திலேயே திருப்பி எழுதிச் சரிசெய்யும் சாமர்த்தியமுள்ளது. ஆனால் வட்டு இன்னும் தன் முயற்சியிலேயே மூழ்கியிருப்பதால் அந்த எழுத்தும் போய்ச் சேராது. எழுத்துத் தவறினால் அந்த வட்டை அணியிலிருந்து நீக்கிவிடுவது எம்.டி.யின் விதி. ஒரு சிறு கீறலுக்காக, மற்றபடி ஆரோக்கியமான வட்டு ஒன்று முழுவதுமாகத் தள்ளப்படுகிறது. அணிகளுக்கென்றே செய்யப்பட்ட வட்டுகள் ஏழு விநாடிக்குள் முயற்சியைக் கைவிட்டு, முடியவில்லை என்று ஒப்புக்கொண்டுவிடும், ஸ்மார்ட்-சி.டி.எல். என்ற கருவியைக் கொண்டு வேறு சில வட்டுகளையும் அப்படி நடக்கச் செய்யலாம். அதற்கு இணங்காத வட்டுகளுக்கு லினக்ஸின் காத்திருக்கும் நேரத்தை 180 விநாடியாக உயர்த்திவிடுவதே பரிகாரம். வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் சரியும் அணிகளுள் பலவற்றுக்கு இந்தப் பொருத்தமின்மைதான் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போது சாட்சியங்களைப் பார்ப்போம். ஒவ்வொரு வட்டிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பேட்டை எம்.டி. எழுதி வைக்கிறது. இப்போது வழக்கிலுள்ள 1.2 என்ற அமைப்பில் அது வட்டுப் பகுதியின் தொடக்கத்திலிருந்து 4,096 பைட் தள்ளி இருக்கும், பழைய 0.90 அமைப்பில் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அணியின் அடையாள எண், இந்த வட்டு எத்தனையாவது ஸ்தானத்துக்குரியது, துண்டத்தின் நீளம், தரவு எங்கே தொடங்குகிறது என்ற விவரங்கள் அதில் உண்டு. இவற்றுக்கும் மேலாக, அணியின் ஸ்திதி மாறும்போதெல்லாம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும் ஈவென்ட் எண் என்ற ஒன்றும் உண்டு. எம்.டி.ஏ.டி.எம். கருவியின் எக்ஸாமின் கட்டளை இவற்றையெல்லாம் படித்துக் காட்டும். அது படிப்பதோடு சரி, எதையும் எழுதாது.

உதாரணமாக, நாலு வட்டுகளையும் அப்படிப் பரிசோதித்தபோது முதல் இரண்டிலும் ஈவென்ட் எண் 48210 என்றும், மூன்றாவதில் 48202 என்றும், நாலாவதில் 31977 என்றும் கண்டதாக வைத்துக்கொள்வோம். நாலாவது வட்டு எப்போதோ விலகிவிட்டது, மூன்றாவது இப்போதுதான் விலகியது என்பது இந்த எண்களிலிருந்தே புலனாகிறது. அணியின் நிலையைக் காட்டும் வரியைப் பார்த்தால் இன்னும் ருசிகரமான விஷயம் தெரியும். இருக்கும் வட்டை ஏ என்ற எழுத்தாலும் இல்லாத வட்டைப் புள்ளியாலும் அந்த வரி குறிப்பது வழக்கம். முதல் இரண்டு வட்டுகளில் இரண்டு ஏயும் இரண்டு புள்ளியும் இருக்கும். மூன்றாவதில் மூன்று ஏயும் ஒரு புள்ளியும் இருக்கும். நாலாவதிலோ நாலும் ஏயாகவே இருக்கும். தான் விலக்கப்பட்ட செய்தி விலக்கப்பட்ட வட்டில் பதிவாவதில்லை. அதில் எழுத வழியில்லாமற்போன பிறகுதானே அது விலக்கப்பட்டது? ஆகவே, எல்லோரும் நலமே என்று சாதிக்கும் வட்டுதான் எல்லாவற்றிலும் பழையது. இதை அறியாதவர், நாலாவது வட்டின் குறிப்பில் குறையொன்றும் இல்லையே என்று மகிழ்ந்து அதைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதை ஒதுக்கினால், பல மாதத்துப் பழைய தரவும் இன்றைய தரவும் ஒரே வரிசையில் கலந்து, இடைக்காலத்தில் மாறிய பகுதிகள் யாவும் எந்தக் காலத்துக்கும் சேராத பிண்டமாகிவிடும்.

இனி அனர்த்தம் விளையும் இடத்துக்கு வருகிறேன். அணி எழும்பவில்லை என்றதும், அணியைப் புதிதாக உண்டாக்கும் கிரியேட் என்ற கட்டளையை இட்டுவிடத் துணிகிறவர்கள் அநேகர். பழைய அணியையே மறுபடி நிறுத்துவதாக அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தக் கட்டளை பழைய குறிப்பேடுகளை அழித்துப் புதியவற்றை எழுதுகிறது; மேலே கண்ட ஈவென்ட் எண், ஸ்தானம், தரவு தொடங்கும் இடம் ஆகிய சாட்சியங்கள் அத்தனையும் அந்தக் கணத்தில் போய்விடுகின்றன. அதோடு நில்லாமல், ஐந்தாவது வகை அணியில் கடைசி வட்டை வெற்று வட்டாகப் பாவித்து, மற்றவற்றிலிருந்து கணித்ததை அதன்மேல் முதலிலிருந்து எழுதத் தொடங்கிவிடுகிறது. கிரமம் பிசகியிருந்தால், எழுதப்படுவது குப்பை. அழிபடுவது நல்ல தரவு. எல்லாம் சுத்தமென்று கொள் என்ற பொருளுடைய விசேஷக் குறிப்பைச் சேர்த்துக் கட்டளையிட்டால் இந்த எழுத்து நடக்காது என்பது உண்மையே. ஆயினும் அங்கும் ஒரு பொறி காத்திருக்கிறது: எம்.டி.ஏ.டி.எம். கருவியின் பழைய பதிப்புகள் தரவை வட்டின் தொடக்கத்திலிருந்து 1 மெகாபைட் தள்ளித் தொடங்கினவென்றால், பின்வந்த பதிப்புகள் பெரிய வட்டுகளில் 128 மெகாபைட் தள்ளித் தொடங்கலாயின. பழைய பதிப்பில் பிறந்த அணியைப் புதிய பதிப்பால் மறுபடி உண்டாக்கினால், எல்லாம் 127 மெகாபைட் இடம்பெயர்ந்து, உள்ளே கோப்பமைப்பே இல்லை என்ற பதில்தான் வரும். இந்தப் பதிலைக் கண்டு கலங்கி, கோப்பமைப்பைப் பழுதுபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. என்ற கருவியை ஓடவிடுவார்கள். அது தான் காணும் குப்பையைத் தன் இலக்கணத்துக்கு இசையத் திருத்தி எழுதும். அதன்பிறகு நிபுணர் வந்தாலும் செய்யக்கூடியது அற்பமே.

கிரியேட் கட்டளையை எக்காலத்திலும் தீண்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குறிப்பேடுகள் முன்பே அழிந்துபோனவிடத்து வேறு கதியில்லை. நாலு வட்டுகளை 24 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றையும் பிரதிகளின்மேல் முயன்று பார்த்து, துண்டத்தின் நீளத்தைவிடப் பெரிய படக்கோப்பு ஒன்று முழுமையாகத் திறக்கிறதா என்று சோதித்தறியலாம். சிறிய கோப்பு ஒரே துண்டத்துக்குள் அடங்கிவிடுமாதலால், அது திறந்தது என்பதைக் கொண்டு கிரமம் சரியென்று நிர்ணயித்துவிடலாகாது.

சரியான முறை நிதானமானது. கொஞ்சம் செலவும் வைப்பது. முதலாவதாக, எக்ஸாமின் காட்டிய விவரங்கள் முழுவதையும் அந்த அணியில் அல்லாத வேறோரிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வட்டின் சீரியல் நம்பரையும் அதனுடன் குறித்து வைப்பது நலம். லினக்ஸ் வட்டுகளுக்கு இடும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. முதலிய பெயர்கள் அடுத்த முறை கம்ப்யூட்டரைத் தொடங்கும்போது இடம் மாறிவிடக்கூடும். வட்டின்மேல் ஒட்டிய சீட்டிலுள்ள நம்பர் மாறாது. அடுத்தபடி, சந்தேகத்துக்குரிய வட்டுகளையாவது, வசதியிருந்தால் எல்லா வட்டுகளையுமே, புதிய வட்டுகளுக்குப் பிரதி எடுக்க வேண்டும். இதற்கு அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய ஜி.என்.யு. டிடி-ரெஸ்க்யூ என்ற கருவிக்கு ஈடில்லை. சாதாரணப் பிரதிக் கருவிகள் கீறல் கண்ட இடத்தில் நின்றுவிடும். அல்லது அங்கேயே மோதி மோதி வட்டைச் சாகடித்துவிடும். இதுவோ கஷ்டமான இடங்களை ஒதுக்கிவிட்டு எளிதில் கிடைப்பவற்றையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, பிறகே திரும்பி வந்து மிச்சமுள்ளவற்றைச் சிறிது சிறிதாகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைப்பதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 4 டெராபைட் வட்டில் சில கிலோபைட் மட்டும் கிடைக்காமற்போவது சர்வசாதாரணம்; மீட்பு என்ற நோக்கில் அதை முழு வெற்றி என்றே சொல்லலாம்.

பிரதிகள் கைக்கு வந்த பின்னரும் அவற்றின்மேல் நேராக எழுதிப் பார்க்காமல், எழுதுவதையெல்லாம் தனியே ஒரு கோப்பில் ஏற்றுக்கொள்ளும் மேற்பூச்சு ஒன்றை ஒவ்வொரு வட்டுக்கும் அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். லினக்ஸின் டிவைஸ் மேப்பர் என்ற பகுதி இந்த வசதியைத் தருகிறது. மேலே இருப்பவர் வட்டில் எழுதியதாகவே எண்ணுவார். அடியிலுள்ள வட்டோ ஒரு பிட்டும் மாறாமல் இருக்கும். முயற்சி தவறினால் மேற்பூச்சைக் களைந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம். இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்புதான், அணியைக் கூட்டும் அசெம்பிள் கட்டளையை ஃபோர்ஸ் என்ற வற்புறுத்தலுடன் இட வேண்டும். முதல் மூன்று வட்டுகளை மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்து, நாலாவதை ஒதுக்கிவிட்டால், 48202 என்ற எண்ணை 48210 ஆகப் பொறுத்துக்கொண்டு அணி எழுந்து நிற்கும். எட்டு நிகழ்ச்சிகளின் வித்தியாசத்தில் போயிருக்கக்கூடியது சரிந்த வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஓரிரண்டு கோப்புகளே.

அணி எழுந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. படிப்பதற்கு மட்டும் என்று சொல்லிக் கோப்பமைப்பை இணைத்தாலும், இ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ். ஆகியவை தங்கள் தினக்குறிப்பில் பாக்கி இருந்த வேலைகளை முடிப்பதற்காக வட்டில் எழுதிவிடும். அதையும் தடுக்க முன்னதற்கு நோ-லோட் என்றும் பின்னதற்கு நோ-ரிகவரி என்றும் தனிக் குறிப்பு உண்டு. அதன்பின் முக்கியமான கோப்புகளை முதலிலும், மற்றவற்றைப் பிறகுமாக வெளியே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நகல் முடியும்வரை புதிய வட்டைச் சேர்த்து அணியை மறுபடி பூர்த்தி செய்யும் எண்ணமே கூடாது.

ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். மலிவான வட்டுகளின் விவரக் குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் படிக்கும் பிழை நேராது என்று எழுதியிருக்கும். அதாவது சுமார் 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. 4 டெராபைட் வட்டுகள் மூன்றை முழுவதும் படித்து நாலாவதைப் பூர்த்தி செய்ய 12 டெராபைட் படிக்க வேண்டும். எனவே பிழை நேருவது ஏறக்குறைய நிச்சயம் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். உற்பத்தியாளர் சொல்வது உச்சவரம்பே. நல்ல வட்டுகள் அதைவிட மிக நன்றாகவே நடந்துகொள்கின்றன. எனினும், ஒரே நாளில் வாங்கி ஒரே பெட்டியில் ஒரே வெப்பத்தில் ஓடிய நாலு வட்டுகளுள் இரண்டு தளர்ந்துவிட்ட நிலையில், மற்ற இரண்டையும் மணிக்கணக்காக இடைவிடாமல் படிக்கச் சொல்வது விவேகமாகாது. கணக்கு மிகை, எச்சரிக்கை நியாயம்.

இரண்டு வட்டுகள் போனாலும் தாங்கும் ஆறாவது வகையில் இரண்டாவது காப்பெண் ஒன்று உண்டு. அது வெறும் ஒற்றை இரட்டைக் கணக்கன்று. இருபது வயதில், 1832-இல் துவந்த யுத்தத்தில் மாண்ட பிரெஞ்சுக் கணிதமேதை கால்வாவின் பெயரால் வழங்கும் எண் களத்தில், 256 உறுப்புகளுக்குள்ளேயே பெருக்கலும் வகுத்தலும் நிகழ்த்தி அதைக் கணிக்கிறார்கள். லினக்ஸில் இதற்குரிய கணிதத்தை எச். பீட்டர் அன்வின் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். பெரிய வட்டுகளை வைத்து அணி அமைக்கிறவர் ஐந்தை விட்டு ஆறுக்குப் போவதே தகும். ஆயினும் தவறுதலாக அழித்த கோப்பை ஐந்தும் மீட்டுத் தராது, ஆறும் மீட்டுத் தராது. தீவிபத்திலும் திருட்டிலும் எல்லா வட்டுகளும் ஒன்றாகவே போகும். வேறொரு கட்டடத்தில் ஒரு பிரதி இருந்தாலன்றி இந்த ஏற்பாடுகளைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை.

மேலே கண்ட உதாரணத்தில் நாலாவது வட்டு பல மாதங்கள் விலகிக் கிடந்தும் ஒருவருக்கும் தெரியாமற்போனது லினக்ஸின் குற்றமன்று. வட்டு விலகியவுடன் கடிதம் அனுப்பும் கண்காணிப்பு வேலையை எம்.டி.ஏ.டி.எம். கருவியே செய்யும், டெபியன் போன்ற தொகுப்புகளில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அணி முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் ஏற்பாடும் கூடவே வருகிறது. கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதைத்தான் நாம் எழுதி வைக்க வேண்டும். அதற்கென்று அமைப்புக் கோப்பில் மெயில்-அட்ரெஸ் என்ற ஒரு வரி இருக்கிறது. அணி வைத்திருக்கும் வாசகர்கள், இந்தப் பக்கத்தைப் புரட்டுமுன் அந்தக் கோப்பைத் திறந்து, அங்கே யாருடைய முகவரி இருக்கிறது, அவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா, அந்தக் கடிதத்தைப் படிப்பாரா என்று தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.